புள்ளைங்களோட சினிமாவுக்குப் போறோமா? போறதுக்கு முன்னாடி பேச வேண்டிய பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு எழுதுதல் என்று பல பாடங்களை நம் செய்திமடலில் படித்து வருகிறோம். இந்த மாதம் கொஞ்சம் மாறுதலாக ஒரு பாடம். எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் கூட்டத்தில் இதுவரை நாம் உட்கார்ந்து பேசியதில்லை. சின்னப் பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது பற்றித்தான் சொல்கிறோம்.

"இதுல என்னக்கா பாடம் இருக்கு?" என்று கேட்கலாம். பணம் இருக்கிறது, பிள்ளையின் தூக்கம் இருக்கிறது, காது இருக்கிறது, அது மனசில் என்ன பதிகிறது என்பது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்ற நியாயமும் இருக்கிறது. ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடத்தின் நோக்கம்

சினிமா கெட்டது, யாரும் போகாதீர்கள் என்று சொல்ல இந்தப் பாடத்தை எழுதவில்லை. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கி, களை எடுத்து, நூறு நாள் வேலைக்குப் போய், வீட்டுக்கு வந்து அடுப்பு ஊதுகிற நமக்கு வருஷத்தில் நாலு தடவை வெளியே போவதே பெரிது. ஜெயங்கொண்டத்துக்குப் போய் ஒரு படம் பார்த்து, ஹோட்டலில் ரெண்டு தோசை சாப்பிட்டு வருவது சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் நமக்கும் கிடைக்க வேண்டும், பிள்ளைக்கும் கேடு வரக்கூடாது. இதற்கு வழி தேடுவதே நோக்கம்.

1. அந்தக் காலக் கொட்டாயும் இந்தக் காலத் தியேட்டரும்

நம் அம்மாக்கள் டெண்ட் கொட்டாயில் படம் பார்த்தவர்கள். மணலைக் குவித்து மேலே உட்கார்ந்து, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பக்கமெல்லாம் திறப்பு, காற்று வரும். பிள்ளை அழுதால் எழுந்து நாலு எட்டு நடந்து வேடிக்கை காட்டலாம். "நாங்க எல்லாம் கைப்புள்ளையைத் தூக்கிட்டுப் போகலையா? என்ன ஆயிடுச்சு?" என்று மாமியார் கேட்பது அதனால்தான்.

இன்றைய தியேட்டர் வேறு. கதவை அடைத்துவிடுகிறார்கள். ஏசி குளிர். நாலு பக்கமும் ஸ்பீக்கர். முழு இருட்டு. திரையில் முகம் பனைமர உயரத்துக்கு வருகிறது. படங்களும் மாறிவிட்டன. அரிவாள், துப்பாக்கி, ரத்தம் இல்லாத பெரிய ஹீரோ படம் குறைவு. அன்று செய்ததை இன்றும் அப்படியே செய்தால் சரிவராது.

2. முதலில் சர்ட்டிபிகேட்டைப் படிக்கக் கற்போம்

நம் ரேஷன் கார்டில் உள்ள குறியீடு நமக்குத் தெரியும். பாஸ்புக்கில் வரவு எது பற்று எது என்று தெரியும். அதுபோல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. மத்திய திரைப்படத் தணிக்கை வாரியம், 1952-ஆம் வருஷத்துச் சினிமா சட்டப்படி, படத்தைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறது. படம் ஆரம்பிக்கும் முன் திரையில் அந்தச் சான்றிதழைக் காட்டுவார்கள். போஸ்டரிலும் விளம்பரத்திலும் எழுத்து இருக்கும்.

யூ என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம்.

யூஏ என்றால் பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். இதை 2023-இல் சட்டத்தைத் திருத்தி மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ என்று இருக்கும். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்தப் படம் ஏற்றதா என்று அப்பா அம்மா பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

ஏ என்றால் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.

எஸ் என்று ஒன்று உண்டு. அது டாக்டர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கான படம். நம்ம ஊர் தியேட்டருக்கு வராது.

இதில் முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். ஏ படத்தில் வாசலிலேயே நிறுத்த வேண்டியது தியேட்டர்காரர் பொறுப்பு. யூஏ படத்தில் யாரும் நிறுத்தமாட்டார்கள். யூஏ 16+ படத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளையோடு போனாலும் டிக்கெட் கிழித்து உள்ளே விடுவார்கள். அங்கே காவல்காரர் நாம்தான்.

3. 2025 ஆகஸ்டில் நடந்தது

2025 ஆகஸ்ட் 14-ஆம் தேதி ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படம் வெளிவந்தது. சண்டைக் காட்சிகள் அதிகம் என்பதால் ஏ சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தார்கள். ரஜினி படம் என்றால் குடும்பத்தோடு போவதுதானே நம் வழக்கம்? பிள்ளைகளோடு வந்த பல குடும்பங்களைத் தியேட்டர் வாசலில் நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் வாங்கிய பிறகு, புதுச்சட்டை போட்டு வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டிய நிலை. வாக்குவாதங்களும் நடந்தன.

படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதே மாதிரி சண்டை உள்ள வேறு படங்களுக்கு யூஏ கொடுத்தீர்களே, எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். சில காட்சிகளை வெட்டினால் யூஏ தருகிறோம் என்று சொன்னோம், அவர்கள் வெட்ட ஒத்துக்கொள்ளவில்லை என்றது தணிக்கை வாரியம். அந்த மாதக் கடைசியில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? முதலாவது, நடிகர் பெயரைப் பார்த்து மட்டும் படம் குடும்பப் படமா என்று முடிவு செய்ய முடியாது. இரண்டாவது, டிக்கெட் வாங்கும் முன்பே சர்ட்டிபிகேட்டைப் பார்த்திருந்தால் பணமும் மிச்சம், பிள்ளையின் அழுகையும் மிச்சம். செல்போனில் டிக்கெட் எடுத்தாலும் படத்தின் பெயர் பக்கத்திலேயே அந்த எழுத்து இருக்கும். படிக்கத் தெரியாத சகோதரிகள் வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்கலாம்.

4. ரத்தம் இல்லாத 'சுமார்' படம் பரவாயில்லையா?

"நாங்க வெட்டுக்குத்துப் படத்துக்குப் போறதில்ல. சும்மா காமெடிப் படம்தான். சுமாரா இருக்கும், பொழுது போகும்" என்று சொல்கிற சகோதரிகள் நிறையப் பேர். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பயங்கரமான படம் என்றால் நமக்கே தெரிந்துவிடும். பிள்ளையின் கண்ணைப் பொத்துவோம். சுமாரான படத்தில் நாம் கண்ணைப் பொத்துவதில்லை. சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். அந்தச் சிரிப்பில் என்னென்ன வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கறுப்பாக இருப்பவரைக் கிண்டல் செய்து ஒரு சிரிப்பு. குண்டாக இருப்பவரை ஒரு சொல் சொல்லி ஒரு சிரிப்பு. திக்கிப் பேசுபவர், கால் ஊனமானவர், திருநங்கை இவர்களைக் காட்டி ஒரு சிரிப்பு. மாமியாரை, பொண்டாட்டியை மட்டம் தட்டி ஒரு சிரிப்பு. வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து போய்க் கடைசியில் அவளே சிரித்துவிடுகிற மாதிரி ஒரு கதை. கஷ்டம் வந்தால் பாட்டிலைத் திறப்பது ஒரு காட்சி.

நாம் கூட்டத்தில் குடும்ப வன்முறை பற்றிப் பேசுகிறோம். டாஸ்மாக் பற்றிப் பேசுகிறோம். பெண் பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டில் கிண்டல் செய்வதைப் பற்றித் தீர்மானம் போடுகிறோம். அதே விஷயத்தைத் திரையில் காட்டும்போது, பக்கத்தில் ஆறு வயது மகன் இருக்கையில், நாமும் சேர்ந்து சிரித்தால் அவன் எதை எடுத்துக்கொள்வான்? நாம் கூட்டத்தில் பேசியது அவனுக்குத் தெரியாது. அம்மா சிரித்தது தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டப்பெயர் போய்ச் சேரும். அந்தப் பிள்ளையும் நம் குழுவில் உள்ள ஒரு சகோதரியின் பிள்ளைதான்.

5. பார்த்ததைப் பிள்ளை செய்யுமா?

செய்யும். இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1961-இல் ஒரு சோதனை செய்தார். மூன்று முதல் ஆறு வயதுக்குள் உள்ள சின்னப் பிள்ளைகள் முன்னால், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடித்து, உதைத்து, திட்டினார். பிறகு பிள்ளைகளை அதே மாதிரி பொம்மை உள்ள அறையில் விட்டார்கள். பார்த்த பிள்ளைகள் அதே அடி, அதே சொல் என்று செய்தார்கள். 1963-இல் அதையே படமாக எடுத்துக் காட்டினார். படத்தில் பார்த்த பிள்ளைகளும் பார்த்தபடி செய்தார்கள்.

சின்னப் பிள்ளைக்குக் கதையின் முடிவு முக்கியமில்லை. "கடைசியில கெட்டவன் ஜெயிலுக்குப் போயிட்டான், நல்ல கருத்துதானே" என்று நாம் சொல்வோம். ரெண்டரை மணி நேரக் கதையைத் தொடர்ந்து மனசில் வைத்து, கடைசி நீதியைப் பிடிக்கிற வயது அதற்கு இல்லை. காட்சி காட்சியாகத்தான் பிடிக்கும். அடித்தவன் நடந்து வந்தது, மியூசிக் போட்டது, எல்லாரும் விசிலடித்தது, இவை நிற்கும்.

இன்னொன்று பயம். நமக்கு அது நடிப்பு என்று தெரியும். நாலு வயதுப் பிள்ளைக்கு அது நிஜம். திரையில் ஒரு அம்மா செத்தால், நம் அம்மாவும் செத்துவிடுவாளோ என்று நினைக்கும். சொல்லத் தெரியாது. ராத்திரி எழுந்து அழும், ஒன்றுக்குப் போக எழுப்பும், கக்கூஸுக்குத் தனியாகப் போகாது. நாம் மந்திரிக்கவும் விபூதி போடவும் கூட்டிப் போவோம். போன வாரம் பார்த்த படம் நினைவுக்கு வராது.

6. காதும் தூக்கமும்

தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு 85 டெசிபல் என்ற அளவைப் பாதுகாப்பின் எல்லையாக வைக்கிறார்கள். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. சத்தம் மூன்று டெசிபல் கூடினால், காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். தியேட்டரில் குண்டு வெடிக்கிற, கார் மோதுகிற காட்சிகளில் சத்தம் 100-ஐத் தொடவும் செய்யும். கைப்பிள்ளையின் காதுத் துவாரம் சின்னது. அதே சத்தம் அதற்கு இன்னும் அழுத்தமாக விழும். ஸ்பீக்கர் பக்கத்து சீட்டில் கைப்பிள்ளையோடு உட்காரவே கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. இரண்டு வயது நிறையும்வரை டிவி, செல்போன், சினிமா என எந்தத் திரையும் வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்றும் சொல்கிறது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது.

இப்போது இரண்டாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். படம் முடிய ராத்திரி ஒன்றரை மணி. வீடு வந்து சேர இரண்டு. காலையில் எட்டரைக்குப் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன படிக்கும்?

வருகிற வழியையும் பாருங்கள். அந்த நேரத்துக்குக் கிராமத்துக்குப் பஸ் கிடையாது. அப்பா ஓட்ட, நடுவில் ஒன்று, அம்மா மடியில் ஒன்று என்று ஒரே வண்டியில் நாலு பேர். பிள்ளை தூங்கிச் சாயும். நம் அரியலூர் மாவட்டத்து ரோட்டில் ராத்திரியில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை வண்டியில் கூட்டிப்போனால் ஹெல்மெட்டோடு, ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் போட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசின் விதி.

7. முதல் நாள் கூட்டம்

2024 டிசம்பர் 4-ஆம் தேதி ராத்திரி, ஹைதராபாத்தில் 'புஷ்பா 2' படத்தின் சிறப்புக் காட்சி. நடிகரைப் பார்க்கவும் கூட்டம் முண்டியடித்தது. நெரிசலில் ஒரு தாய் இறந்துபோனார். அவருடைய சின்ன மகன் மூச்சுத் திணறி, நினைவிழந்து, பல மாதம் மருத்துவமனையில் கிடந்தான். குடும்பத்தோடு ஆசையாகப் படம் பார்க்க வந்தவர்கள்தான்.

அதற்குப் பிறகு 2025 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில், பிள்ளைகள் ராத்திரி நேரக் காட்சிகளுக்கு வருவது பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், நாம் நமக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று நாள் கூட்டத்துக்குப் பிள்ளையோடு போவதில்லை. அடுத்த வாரமும் அதே படம்தான் ஓடும்.

தியேட்டருக்குள் போனதும் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 13-ஆம் தேதி டில்லி உப்ஹார் தியேட்டரில் தீப்பிடித்துப் புகை மூண்டபோது, வெளியே வர வழியில்லாமல் 59 பேர் இறந்தார்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கல்யாண மண்டபமானாலும் தியேட்டரானாலும் கதவைப் பார்த்து வைப்பது நல்ல பழக்கம்.

8. பணக் கணக்கு

இது நமக்குப் பழகின பாடம். கீழே உள்ளது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று வயதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் பிள்ளைக்கும் முழு டிக்கெட்தான்.

டிக்கெட் நாலு, ஒன்று 120 ரூபாய் வீதம்: 480 ரூபாய்
இடைவேளையில் பாப்கார்ன், கூல்டிரிங்ஸ்: 200 ரூபாய்
பெட்ரோல்: 80 ரூபாய்
வண்டி நிறுத்த: 20 ரூபாய்
வரும்போது டிபன்: 220 ரூபாய்
மொத்தம்: 1,000 ரூபாய்

மாதம் ஒரு படம் என்றால் வருஷத்துக்கு 12,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒரு படம், அதுவும் பார்த்து விசாரித்துப் போகிற நல்ல படம் என்று வைத்தால் 6,000 ரூபாய் கையில் நிற்கும். பெண் பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அதில் வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். ஒரு படத்தின் இடைவேளைச் செலவும் கொஞ்சம் சில்லறையும்தான் அது.

இந்தக் கணக்கில் சேராத ஒரு செலவும் இருக்கிறது. படம் பாதியில் பிள்ளை அழுகிறது. யார் எழுந்து போகிறார்கள்? அப்பா எழுந்து போனதை நாம் அதிகம் பார்த்ததில்லை. 120 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு, வராந்தாவில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, கதவுக்கு உள்ளே கேட்கும் பாட்டைக் கேட்டு நிற்பது அம்மாதான். பிள்ளைக்கும் படம் இல்லை, நமக்கும் படம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் "ஒரு படம் நிம்மதியாப் பாக்க விடல" என்று பேச்சு வேறு.

9. அப்படியானால் நமக்குப் பொழுதுபோக்கே வேண்டாமா?

வேண்டும். நிச்சயம் வேண்டும். பல சகோதரிகள் கைப்பிள்ளையோடு தியேட்டருக்குப் போவது ஆசையால் மட்டும் இல்லை. விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால்தான். அதனால் பிள்ளை பெற்ற பெண் ஐந்து வருஷம் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. குழுவாக இருப்பதால் நமக்குச் சில வழிகள் உண்டு.

முறை வைத்துப் பிள்ளை பார்ப்பது. குழுவில் பன்னிரண்டு பேர் என்றால், கைப்பிள்ளை உள்ளவர் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அவர்கள் போகட்டும். மற்றவர்களில் இரண்டு பேர் ஒரே வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த முறை இவர்களுக்கு வேறொரு உதவி. நாற்று நடவுக்கு ஆள் மாற்றிக்கொள்வதில்லையா, அதேபோலத்தான். எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். பால், மருந்து, செல்போன் எண் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்காகப் பத்து வயது அக்காவைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைக்கக்கூடாது.

கணவரும் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும். அவர் நண்பர்களோடு படத்துக்குப் போகும்போது நாம் பிள்ளையைப் பார்க்கிறோம். நாம் குழுச் சகோதரிகளோடு போகும்போது அவர் பார்க்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்காமலேயே "அவரு பாக்க மாட்டாரு" என்று நாமே முடிவு செய்ய வேண்டாம்.

பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வெளியூர்ப் பயணம். ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் பத்து கிலோமீட்டர் தூரம்தான். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், 2004-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். பெரிய நந்தி, சிங்கமுகக் கிணறு, ஓடி விளையாடப் புல்தரை. வெளியூர்க்காரர்கள் பஸ் வைத்து வந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? கட்டுசாதம் கட்டிக்கொண்டு போனால் பஸ் செலவுதான். பறவைகள் வரும் பருவத்தில் கரைவெட்டி ஏரியும் உண்டு.

10. பிள்ளைக்கு ஏற்ற படமும் இருக்கிறது

நல்ல படம் கிடையாதா என்றால், இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து பாண்டிராஜ் எடுத்த 'பசங்க' 2009-இல் வந்தது. தேசிய விருது பெற்றது. பிட்சா தின்ன ஆசைப்படும் இரண்டு ஏழைச் சிறுவர்களின் கதையான 'காக்கா முட்டை' 2015-இல் தியேட்டருக்கு வந்தது. மணிகண்டன் எடுத்த அந்தப் படத்துக்குச் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சைக்கிள் ஓட்டப் பழகும் பையனின் கதையான 'குரங்கு பெடல்' 2024-இல் வந்தது. அண்ணன் தங்கை இருவரும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் ஈரான் நாட்டுப் படத்தை 'அக்கா குருவி' என்று 2022-இல் தமிழில் எடுத்தார்கள்.

பிள்ளைகள் படம் எடுப்பதற்கென்றே மத்திய அரசு 1955-இல் குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஆரம்பித்தது. அது 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 2022-இல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடும் திட்டத்தைப் பள்ளிக் கல்வித்துறை கொண்டுவந்தது. உங்கள் ஊர்ப் பள்ளியில் படம் காட்டுகிறார்களா, என்ன படம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். நம் குழு உறுப்பினர்கள் பலர் அந்தக் குழுவிலும் இருக்கிறீர்கள்.

இந்தப் படங்களில் சோகம், வறுமை எல்லாம் உண்டு. அதனால் இவையும் கைப்பிள்ளைக்கு இல்லை. ஏழெட்டு வயதுக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

11. போகும் முன் ஐந்து கேள்வி

ஒன்று: சர்ட்டிபிகேட் என்ன? நம் பிள்ளை வயது என்ன?
இரண்டு: படத்தைப் பார்த்தவர் யாரிடமாவது விசாரித்தோமா? "நல்லாயிருக்கா" என்று மட்டும் கேட்காமல், "புள்ளையோட பாக்கலாமா" என்று கேட்க வேண்டும்.
மூன்று: எந்தக் காட்சி? பகல் காட்சி, மாலைக் காட்சி என்றால் சரி. இரண்டாவது ஆட்டம் வேண்டாம்.
நாலு: கைப்பிள்ளையை யாரிடம் விட்டுப் போவோம்?
ஐந்து: இந்த மாதக் குடும்பச் செலவில் இதற்கு இடம் உண்டா? சந்தாவும் கடன் தவணையும் கட்டிய பிறகு மீதி இருக்கிறதா?

பார்த்து வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. சாப்பிடும்போது பிள்ளையிடம் பேசுங்கள். "உனக்கு எது புடிச்சுது? எப்ப பயமா இருந்துச்சு? அந்தப் புள்ளையை அப்படிக் கிண்டல் பண்ணாங்களே, அது சரியா?" என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்ல அதன் மனசில் என்ன பதிந்தது என்று நமக்குத் தெரியும். பயந்திருந்தால், அது ரத்தம் இல்லை, சிவப்புச் சாயம், அவர்கள் நடிகர்கள், இப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிப் புரியவைக்கலாம்.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: வீட்டில் டிவியில் எல்லாப் படத்தையும்தான் பார்க்கிறது. தியேட்டரில் பார்த்தால் என்ன?
பதில்: டிவியை நிறுத்தலாம், சத்தத்தைக் குறைக்கலாம், பிள்ளை எழுந்து விளையாடப் போகலாம். தியேட்டரில் இருட்டில் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். டிவியில் எல்லாப் படத்தையும் பார்ப்பது சரி என்றும் நாங்கள் சொல்லவில்லை. இந்த ஐந்து கேள்வி அதற்கும் பொருந்தும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் அந்த நடிகரின் ரசிகர். முதல் நாளே எல்லாரும் வர வேண்டும் என்கிறார்.
பதில்: சண்டை போட வேண்டாம். அவர் முதல் நாள் நண்பர்களோடு போகட்டும். பார்த்து வந்து, பிள்ளைக்கு ஏற்றதா என்று அவரே சொல்லட்டும். பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியப் போகிறது? தூங்கிவிடும்.
பதில்: கதை புரியாது. சத்தம் புரியும். தூங்கும் பிள்ளை ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கூட்டத்தில் கலந்து பேச

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கீழ்க்கண்டவற்றைப் பேச வைக்க வேண்டுகிறோம்.

கடைசியாகப் பிள்ளையோடு பார்த்த படம் எது? அதில் பிள்ளை திரும்பிச் செய்தது, திரும்பிச் சொன்னது என்ன?
அந்தப் படத்துக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு?
நம் குழுவில் முறை வைத்துப் பிள்ளை பார்க்க முடியுமா? யார் யார் ஒத்துக்கொள்கிறார்கள்?
வருகிற விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்து எங்கே கூட்டிப் போகலாம்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழு என்ன முடிவு செய்தது என்று சொல்லுங்கள். முறை வைத்துப் பிள்ளை பார்ப்பதை எந்தக் குழு நடத்திக் காட்டுகிறதோ, அந்தக் குழுவின் அனுபவத்தை மற்றக் குழுக்களும் தெரிந்துகொள்ளும்படி இந்தச் செய்திமடலில் எழுதுவோம்.

படம் பார்ப்போம், சிரிப்போம். பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது என்பதையும் பார்த்துக்கொள்வோம்.